இரண்டு கொட்டு, இரண்டு மருந்து: அட்ரினலினும் மென்தசையும்

செம்பனைக் காட்டில் குளவி கொட்டி, உதடும் தொண்டையும் வீங்கி, மூச்சு அடைத்துக்கொண்டு வருகிறவருக்கு மருத்துவர் முதலில் போடுவது அட்ரினலின் ஊசி. மகாராட்டிரத்தின் கொங்கணக் கரையிலும் புதுச்சேரியை ஒட்டிய ஊர்களிலும் செந்தேள் கொட்டி, வாந்தியும் வியர்வையுமாகக் கைகால் சில்லிட்டு வரும் குழந்தைக்குக் கொடுப்பது அட்ரினலின் வகைப் பொருள்களின் வேலையைத் தடுக்கும் பிராசோசின் மாத்திரை. இரண்டும் பூச்சிக் கொட்டு என்றுதான் ஊரில் சொல்வார்கள். இரண்டிலும் உயிர் ஊசலாடுகிறது. ஆனால் ஒன்றில் உயிரைக் காக்கும் பொருளையே மற்றதில் தடுக்க வேண்டியிருக்கிறது. இந்த முரண் தற்செயலானதன்று. அட்ரினலின் வகை மருந்து ஒன்று என்ன செய்யும் என்பதை அதன் வீரியம் மட்டும் முடிவு செய்வதில்லை. அது எந்தத் தசையில், எந்த ஏற்பியில், நரம்பு நுனியிலா தசை மேலா, எங்கே போய் அமர்கிறது என்பதே முதலில் முடிவு செய்கிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வட சிலாங்கூர் மக்களுக்கு இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. ரப்பர் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாக ஆனபின், லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங், பத்தாங்காலி, பத்தாங் பெர்ஜுந்தை போன்ற இடங்களில் நிலைகொண்டன. இளமையில் பால்மரம் வெட்டியவர்கள் இன்று முதியவர்கள். அப்படிப்பட்ட வீடொன்றின் அலமாரியைத் திறந்தால் தாத்தாவின் புரோஸ்டேட் மாத்திரையும், பேரனின் நீல நிற ஆஸ்துமா இன்ஹேலரும், எல்லோருக்கும் பொதுவான சளி மாத்திரையும் அருகருகே இருக்கக்கூடும். ஒன்று சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்துகிறது. ஒன்று மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது. ஒன்று மூக்கின் இரத்தக்குழாயை இறுக்குகிறது. மூன்றும் அட்ரினலின் குடும்பத்தின் ஏற்பிகளைத் தொட்டே வேலை செய்கின்றன. ஒருவருக்கானதை மற்றவர் விழுங்கினால் என்ன நேரும் என்று அறிய, அவை தொடும் தசையையும் அதை இயக்கும் நரம்பையும் அறிய வேண்டும்.

மென்தசையும் நரம்பும்

கைகால்களை அசைக்கும் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. குடல், சிறுநீர்ப்பை, கருப்பை, மூச்சுக்குழாய், இரத்தக்குழாய், கண்ணின் பாவை, ஆணின் விந்துக்குழாய் ஆகியவற்றின் சுவரில் இருப்பது வேறு வகைத் தசை. நுண்ணோக்கியில் வரிகள் தெரியாத இதை மென்தசை என்கிறோம். இது நம் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை. தன்னியக்க நரம்புகளின் சொல்லைக் கேட்கிறது. இந்நரம்புகளில் பரிவு நரம்பு என்ற பிரிவு பெரும்பாலும் நார்அட்ரினலின் என்ற பொருளை வெளியிடுகிறது. துணைப்பரிவு நரம்பு அசிட்டைல்கோலினை வெளியிடுகிறது. நரம்பிழை மென்தசைக்குள் நுழைந்ததும் மணிகள் கோத்த சரம் போல நெடுக முடிச்சு முடிச்சாகப் பருத்திருக்கும். ஒவ்வொரு முடிச்சும் தன் கடத்திப் பொருளை அக்கம்பக்கத்துத் தசையணுக்களின் மேல் உதிர்க்கிறது. பரிவு நரம்பின் கடத்தி நார்அட்ரினலின்தான் என்பதை 1946இல் சுவீடனின் உல்ஃப் வான் ஆய்லர் காட்டினார். 1970இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஒரே பொருள் ஒரு தசையை இறுக்கி இன்னொன்றைத் தளர்த்துவது ஏன் என்ற கேள்வி அதற்கு முன்பே ஆய்வாளர்களை அலைக்கழித்து வந்தது. அட்ரினலினை ஏற்றினால் தோலின் இரத்தக்குழாய் சுருங்குகிறது, மூச்சுக்குழாய் விரிகிறது. 1948இல் அமெரிக்கரான ரேமண்ட் ஆல்குவிஸ்ட் ஒரு விடை சொன்னார்: பொருள் ஒன்றாக இருந்தாலும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இரு வகை. அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார். மென்தசையில் ஆல்ஃபா ஏற்பி பொதுவாகச் சுருக்குகிறது, பீட்டா ஏற்பி தளர்த்துகிறது. இந்தக் கருத்தை அன்று பலர் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக். இவர் 1940களின் இறுதியில் சிங்கப்பூரின் மருத்துவக் கல்லூரியில், அது மலாயாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த காலத்தில், விரிவுரையாளராக இருந்தவர். பின்னர் ஆல்குவிஸ்டின் கருத்தைக் கையில் எடுத்துப் பீட்டா ஏற்பியைத் தடுக்கும் புரோப்ரனலோல் மருந்தை 1960களில் உருவாக்கி, 1988இல் நோபல் பரிசு பெற்றார். குளவிக் கொட்டில் அட்ரினலின் உயிர் காப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வாமை முற்றியபோது இரத்தக்குழாய்கள் தொய்ந்து அழுத்தம் விழுகிறது, மூச்சுக்குழாய்கள் இறுகுகின்றன. அட்ரினலின் ஆல்ஃபா ஏற்பி வழியாக முதலாவதை இறுக்குகிறது, பீட்டா ஏற்பி வழியாக இரண்டாவதைத் தளர்த்துகிறது. எதிரெதிரான இரு வேலைகளை ஒரே ஊசி செய்ய முடிவது ஏற்பிகளின் இடம் வேறு வேறாக இருப்பதால்தான்.

நரம்பு நுனியிலும் ஓர் ஏற்பி

ஆல்குவிஸ்டின் விடை பாதி விடைதான். தசையின் மேல் எந்த ஏற்பி இருக்கிறது என்று அது சொன்னது. நரம்பு நுனியில் என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. மீதி விடையைத் தந்தவை, உடலிலிருந்து எடுத்த தசைத்துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, அதன் நரம்பை மின்சாரத்தால் தூண்டிச் சுருக்கத்தை அளக்கும் சோதனைகள். 1955இல் வில்லியம் பேட்டன் கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டை இப்படித் தூண்டும் முறையை அமைத்தார். 1961இல் ஹுக்கோவிச் கினிப்பன்றியின் விந்துக்குழாயை அதன் பரிவு நரம்போடு சேர்த்தே எடுத்துத் தூண்டும் முறையை வெளியிட்டார். விந்துக்குழாய் பரிவு நரம்பு அடர்ந்து பரவிய உறுப்பு. நரம்பைத் தூண்டினால் அது தெளிவாகச் சுருங்கும், அளப்பதும் எளிது. மருந்தியல் கற்ற தலைமுறைகள் பல இந்தச் சிறு குழாயைக் கொண்டே அட்ரினலின் மருந்துகளை அறிந்தன.

இச்சோதனையின் வலிமை அதன் எளிய தருக்கத்தில் இருக்கிறது. ஒரே தசைத்துண்டை இரண்டு வழிகளில் சுருங்க வைக்கலாம். நரம்பைத் தூண்டி, அது வெளியிடும் கடத்தியால் சுருங்க வைப்பது ஒரு வழி. கடத்திப் பொருளை நாமே கரைசலில் ஊற்றிச் சுருங்க வைப்பது மற்றொரு வழி. மருந்து ஒன்று இரண்டு சுருக்கத்தையும் குறைத்தால் அது தசையின் மேல் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். நரம்பு வழிச் சுருக்கத்தை மட்டும் குறைத்து, ஊற்றிய பொருளால் வரும் சுருக்கத்தைத் தொடாமல் விட்டால், அது நரம்பு நுனியில் கடத்தி வெளியேறுவதைத்தான் தடுக்கிறது. குளோனிடின் என்ற மருந்து மென்தூண்டலால் எழும் விந்துக்குழாய்ச் சுருக்கத்தை இப்படித்தான் அடக்குகிறது. யோகிம்பின் என்ற பொருளைச் சேர்த்தால் அடங்கிய சுருக்கம் மீள்கிறது. நரம்பு நுனியிலேயே ஆல்ஃபா ஏற்பி ஒன்று இருக்கிறது, தான் வெளியிட்ட நார்அட்ரினலினை அந்த ஏற்பியால் உணர்ந்து மேற்கொண்டு வெளியிடுவதை நரம்பு தானே குறைத்துக்கொள்கிறது என்பது இதனால் தெளிந்தது.

இதன் தடயம் இன்னும் பழையது. 1957இல் பிரவுனும் கில்லெஸ்பியும் பூனையின் மண்ணீரல் நரம்பைத் தூண்டி வெளிவரும் நார்அட்ரினலினை அளந்தபோது, ஆல்ஃபா ஏற்பியைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் அதன் அளவு பெருகுவதைக் கண்டார்கள். ஏற்பிகளில் சிக்கி மறையும் கடத்தி மறையாமல் வெளியே வருகிறது என்றே அன்று பொருள் கொண்டார்கள். 1970களின் தொடக்கத்தில் பல ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் சேர்ந்தபோது வேறு விளக்கம் வலுப்பெற்றது: நரம்பு நுனியின் தடை நீங்கியதால் கடத்தி உண்மையிலேயே கூடுதலாக வெளியேறுகிறது. 1974இல் சாலமன் லாங்கர் தசை மேலுள்ளதை ஆல்ஃபா-1 என்றும் நரம்பு நுனியிலுள்ளதை ஆல்ஃபா-2 என்றும் பிரிக்க முன்மொழிந்தார். ஆல்ஃபா-2 வேறு இடங்களிலும் உண்டு என்று பின்னர் தெரிந்து அந்த வரையறை திருத்தப்பட்டது. ஆனால் பிரிவு நிலைத்தது. குடலிலும் இதுவே நடக்கிறது. பரிவு நரம்பு குடல் அசைவை அடக்குவது தசையைத் தளர்த்தி மட்டுமன்று; அசைவைத் தூண்டும் அசிட்டைல்கோலின் வெளியேறுவதை நார்அட்ரினலின் தடுக்கிறது என்று 1969இல் பேட்டனும் வீசியும் அளந்து காட்டினார்கள்.

செந்தேள் காட்டிய உண்மை

கினிப்பன்றியின் தசைத்துண்டில் கண்ட இந்த நுட்பம் மனித உயிரைக் காத்த இடம் மகாராட்டிரத்தின் ராய்காட் மாவட்டத்து மகாட். அங்குள்ள வயல்களிலும் கல் இடுக்குகளிலும் வாழும் இந்தியச் செந்தேள் உலகின் கொடிய தேள்களில் ஒன்று. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இதே இனம் உண்டு. நம் செம்பனைத் தோட்டங்களில் காணும் பெரிய கருந்தேள் கடும் வலி தரும், ஆனால் உயிரைப் பறிப்பது மிக அரிது. செந்தேள் அப்படியன்று. அதன் நஞ்சு நரம்பிழையின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் தூண்டப்பட்டு நார்அட்ரினலினைக் கொட்டுகிறது. அட்ரினல் சுரப்பியும் அட்ரினலினைக் கொட்டுகிறது. உடலெங்கும் இரத்தக்குழாய்களின் மென்தசை இறுகுகிறது. அந்த இறுக்கத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் சோர்கிறது; நுரையீரலில் நீர் கோத்து நோயாளி மூச்சுத் திணறி இறக்கிறார். ஆய்வுக்கூடத்தில் மின்முனையைக் கொண்டு செய்வதைத் தேள் தன் கொடுக்கால் முழு உடலிலும் செய்துவிடுகிறது என்றே சொல்லலாம்.

1976இல் அப்பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிக்குச் சேர்ந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் இந்த வரிசையைப் படுக்கையருகே இருந்து கவனித்தார். வாந்தி, வியர்வை, ஆண்குறி விறைப்பு, சில்லிட்ட கைகால் ஆகியவை இதயம் சோரப்போவதன் முன்னறிகுறிகள் என்று 1982இல் லான்செட் இதழில் எழுதினார். அந்நாளில் கொடுக்கப்பட்ட மருந்துகள் பெரிதும் பயன்படவில்லை. கடும் நஞ்சேறி வந்தவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இறந்தனர். அவரும் மருத்துவரான அவர் மனைவி பிரமோதினியும் 1980களில் பிராசோசினைக் கையாளத் தொடங்கினர். 1986இல் லான்செட்டில் அதன் பயனை அறிவித்தனர். உரிய நேரத்தில் இம்மருந்து கிடைத்தவர்களிடையே இறப்பு மிகச் சில விழுக்காட்டுக்குள் இறங்கியது. இரத்த அழுத்தத்துக்காக உருவான மலிவான மாத்திரை அது; வாயால் விழுங்கக்கூடியது; கிராமத்துச் சுகாதார நிலையத்திலேயே கொடுக்கத்தக்கது. பாவஸ்கருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆல்ஃபா ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் பல இருக்க, ஏன் பிராசோசின்? நம் வாதத்தின் நடுத்தூண் இக்கேள்விதான். ஃபென்டோலமின் போன்ற பழைய மருந்துகள் ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2 இரண்டையும் தடுப்பவை. தசை மேல் தடுப்பது நன்மை. ஆனால் நரம்பு நுனியின் ஆல்ஃபா-2வையும் தடுத்துவிட்டால், நார்அட்ரினலின் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் கடைசித் தடையும் போய்விடும். ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருக்கும் நரம்பு இன்னும் கொட்டும். அது இதயத்தின் பீட்டா ஏற்பிகளைத் தூண்டித் துடிப்பை விரட்டும். பிராசோசின் ஆல்ஃபா-1ஐ மட்டும் தேர்ந்து தடுக்கிறது. நரம்பு தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் வழியைக் கெடுப்பதில்லை. 1957இன் பூனை மண்ணீரலும் 1970களின் விந்துக்குழாயும் சொன்னது இதைத்தான். மறுபுறம், பீட்டா ஏற்பியைத் தடுக்கும் மருந்தைத் தனியாகக் கொடுப்பது இங்கே ஆபத்து. இரத்தக்குழாயைத் தளர்த்தும் பீட்டா வழி அடைபட்டு, இறுக்கும் ஆல்ஃபா வழி மட்டும் எதிர்ப்பின்றி நிற்கும்; சோர்ந்த இதயமும் மேலும் சோரும். மூன்றுமே "அட்ரினலின் தடுப்பு" மருந்துகள். ஒன்று காக்கிறது, ஒன்று அரைகுறையாக உதவுகிறது, ஒன்று கெடுக்கக்கூடும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாவஸ்கரின் தொடக்கச் சான்று பழைய காலத்தையும் புதிய காலத்தையும் ஒப்பிட்டது. அதே ஆண்டுகளில் போக்குவரத்தும் தீவிர சிகிச்சையும் மேம்பட்டிருக்கலாம். இறப்பு குறைந்ததன் புகழ் முழுவதையும் ஒரு மாத்திரைக்கே தர முடியாது. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. மேலும், 2011இல் பாவஸ்கர் இணையர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட சோதனையில் 70 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தபோது, பிராசோசினோடு தேள் நஞ்சுமுறி மருந்தும் பெற்றவர்களில் 91.4 விழுக்காட்டினர் 10 மணி நேரத்தில் தேறினர். பிராசோசின் மட்டும் பெற்றவர்களில் 22.9 விழுக்காட்டினரே அதற்குள் தேறினர். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை 50 குழந்தைகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனையும் நஞ்சுமுறி சேர்ந்தால் விரைவில் குணமாவதைக் காட்டியது. அப்படியானால் பிராசோசின் வெறும் துணைமருந்துதானா?

இச்சோதனைகள் நம் வாதத்தை மறுக்கவில்லை, விரிவாக்குகின்றன. இரண்டு சோதனைகளிலும் இரு பிரிவினருக்குமே பிராசோசின் கொடுக்கப்பட்டது. அவற்றில் எவருக்கும் அது நிறுத்திவைக்கப்படவில்லை. நஞ்சுமுறி மருந்து நரம்பைத் தூண்டும் நஞ்சைப் பிடித்து, தூண்டலை அதன் ஊற்றிலேயே குறைக்கிறது. ஏற்கெனவே வெளியேறி இரத்தக்குழாயின் தசையில் அமர்ந்துவிட்ட நார்அட்ரினலினை அதனால் அகற்ற முடியாது. அதைப் பிராசோசின்தான் எதிர்கொள்கிறது. ஒன்று நரம்புப் பக்கம், மற்றொன்று தசைப் பக்கம். இரண்டும் சேரும்போது பயன் கூடுவது, அவை வேலை செய்யும் இடம் வேறு என்பதற்குச் சான்று. 

வீட்டு அலமாரியின் மாத்திரைகள்

செந்தேள் நம் மண்ணில் இல்லை. புரோஸ்டேட் உண்டு. 50 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் புரோஸ்டேட் சுரப்பி பெருத்திருக்கும். 80ஐத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படியே. சிறுநீர் சொட்டுவதும், இரவில் அடிக்கடி எழுவதும், முக்கிக் கழிப்பதும் முதுமையின் இயல்பு என்று பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். 1975இல் எருசலேமின் மார்க்கோ கெய்னும் உடன் பணியாற்றியவர்களும் அறுவையில் எடுத்த மனிதப் புரோஸ்டேட் துண்டுகளைக் கரைசலில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள். அதன் உறையிலும் சுரப்பியிலும் உள்ள மென்தசை ஆல்ஃபா ஏற்பி வழியாகச் சுருங்குவதைக் கண்டார்கள். அடைப்பின் ஒரு பகுதி சுரப்பியின் பருமன். மற்றொரு பகுதி தசையின் இறுக்கம். இறுக்கத்தை மாத்திரையால் தளர்த்தலாம் என்று 1976இல் அவர்கள் காட்டியது, இன்றைய பிராசோசின், டெராசோசின், டாக்சசோசின், டாம்சுலோசின் ஆகியவற்றுக்கு வழி திறந்தது.

சதை வளர்ந்து அடைத்ததைத் தசையைத் தளர்த்தி எப்படிச் சரிசெய்ய முடியும் என்று கேட்கலாம். 2003இல் அமெரிக்காவில் வெளியான பெரிய சோதனை இதற்கு நேரடியாக விடை தருகிறது. 3,047 ஆண்களைச் சராசரியாக 4.5 ஆண்டுகள் தொடர்ந்ததில், நோய் முற்றுவதை டாக்சசோசின் 39 விழுக்காடும், சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைட் 34 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 66 விழுக்காடும் குறைத்தன. ஆனால் சிறுநீர் முழுதாக அடைத்துக்கொள்வதையும் அறுவை தேவைப்படுவதையும் நீண்டகாலத்தில் டாக்சசோசின் மட்டும் தடுக்கவில்லை. ஆக, மறுப்பு பாதி சரி. இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து இறுக்கத்தைத் தளர்த்தும், வளர்ச்சியை நிறுத்தாது. எந்த மருந்துக்கு எந்த இடம் என்று அறிந்தால்தான் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும்.

இதே தசைக்கு எதிர்த்திசையில் வேலை செய்வது சளி மாத்திரை. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் பெரும்பாலும் நரம்பு நுனிக்குள் புகுந்து அங்குள்ள நார்அட்ரினலினை வெளியே தள்ளுகிறது. மூக்கின் இரத்தக்குழாய் சுருங்கி அடைப்பு நீங்குகிறது. அதே நார்அட்ரினலின் சிறுநீர்ப்பையின் கழுத்தையும் புரோஸ்டேட்டையும் இறுக்குகிறது. பல சளி மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமின் போன்ற ஒவ்வாமை மருந்தும் கலந்திருக்கும். அது அசிட்டைல்கோலினைத் தடுத்து, சிறுநீரை வெளியே தள்ளும் பைத்தசையின் சுருக்கத்தைத் தளர்த்துகிறது. பையின் வாய் இறுகுகிறது, தள்ளும் விசை குறைகிறது. ஏற்கெனவே முக்கிக் கழிக்கும் முதியவருக்கு இரண்டும் ஒருசேர நேர்ந்தால், ஒரே இரவில் சிறுநீர் முற்றிலும் அடைத்துக் குழாய் போட வேண்டிய நிலை வரலாம். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது மேலும் ஏறலாம். மலேசியாவில் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் சூடோஎஃபெட்ரின் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் வீட்டில் ஒருவருக்கு வாங்கிய மாத்திரையை இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது.

புரோஸ்டேட் மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆல்ஃபா-1 ஏற்பி சிறுநீர் வழியில் மட்டும் இல்லை. இரத்தக்குழாயில் அது தடைபட்டால், படுக்கையிலிருந்து சட்டென எழும்போது தலைசுற்றி விழ நேரலாம். முதல் சில வேளைகளில் இது கூடுதல். விந்துக்குழாயிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் தடைபட்டால் விந்து வெளிவருவது குறையும். இதை நோய் என்று அஞ்சி மருந்தை நிறுத்துவோர் உண்டு. கண்ணில் பாவையை விரிக்கும் தசையிலும் இதே ஏற்பிதான். டாம்சுலோசின் உண்பவர்களுக்குக் கண்புரை அறுவையின்போது பாவையைச் சூழ்ந்த கருவிழிப் படலம் தளர்ந்து மடங்கி அறுவையைச் சிக்கலாக்குவதை 2005இல் அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சாங், கேம்பெல் இருவரும் விவரித்தனர். புரோஸ்டேட் மருந்தைப் பற்றிக் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் எளிதில் தோன்றாது. ஏற்பியின் இடங்களை அறிந்தவருக்குத் தோன்றும்.

மறுப்புகளும் வரம்புகளும்

கினிப்பன்றியின் தசைத்துண்டை வைத்து மனித உடலைப் பற்றிப் பேசலாமா என்பது இத்துறை மீது எழும் அடிப்படை மறுப்பு. இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மூச்சுக்குழாயே இதற்குச் சான்று. மனித மூச்சுக்குழாயின் மென்தசையில் பரிவு நரம்பு மிகக் குறைவு. அதைச் சுருக்கும் முதன்மை நரம்பு அசிட்டைல்கோலினை வெளியிடும் துணைப்பரிவு நரம்பு. தசையிலுள்ள பீட்டா-2 என்ற பீட்டா வகை ஏற்பியை இயக்குவது இரத்தத்தில் வரும் அட்ரினலினும், 1969இல் வந்த சல்பியூட்டமால் போன்ற மருந்தும்தான். எல்லா விலங்கிலும் இப்படி இல்லை. ஆகவே ஒரு விலங்கின் ஓர் உறுப்பில் கண்டதை எங்கும் ஒட்டிவிட முடியாது. விந்துக்குழாயே இன்னொரு எச்சரிக்கையும் தருகிறது. ஆல்ஃபா-1ஐ முழுதாகத் தடுத்தபின்னும் நரம்பைத் தூண்டியதும் எழும் முதல் விரைந்த துடிப்பு மிஞ்சுகிறது. நரம்பு நார்அட்ரினலினோடு ஏ.டி.பி. என்ற பொருளையும் சேர்த்தே வெளியிடுகிறது என்பது, ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் 1972இல் முன்வைத்து நெடுங்காலம் எதிர்ப்பைச் சந்தித்த கருத்தின் வழியில் தெளிவாயிற்று. ஓர் ஏற்பியை அடைத்துவிட்டால் நரம்பின் பேச்சு முழுவதும் அடங்கிவிடுவதில்லை.

இந்த வரம்புகள் தசைத்துண்டுச் சோதனையைப் பயனற்றதாக்குவதில்லை. இனத்துக்கு இனம், உறுப்புக்கு உறுப்பு வேறுபடுவது, இடத்தை ஒவ்வொரு முறையும் தனித்தனியே உறுதிசெய்ய வேண்டும் என்பதற்கான காரணம். இடத்தைப் பற்றிய கேள்வியையே கைவிடுவதற்கான காரணம் ஆகாது. கெய்ன் மனிதத் தசையையே எடுத்துச் சோதித்ததும், பாவஸ்கர் நோயாளியின் படுக்கையருகே சரிபார்த்ததும் அந்த ஒழுங்கைத்தான் கடைப்பிடித்தன. அதே சமயம், இடத்தை அறிவது தேவையானது என்றாலும் போதுமானதன்று. மூக்கடைப்புக்கு வாயால் உண்ணும் ஃபினைல்எஃப்ரின் ஆல்ஃபா-1ஐத் தூண்டும் சரியான மருந்துதான். ஆனால் விழுங்கியபின் அதன் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துபோகிறது. வாயால் உண்டால் அது பயன் தருவதில்லை என்று 2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு முடிவு சொன்னது. ஏற்பி சரி; மருந்து அங்கே போய்ச் சேரவில்லை. சல்பியூட்டமால் போய்ச் சேருகிறது, தசையைத் தளர்த்தவும் செய்கிறது. ஆனால் ஆஸ்துமாவின் வேர் மூச்சுக்குழாயின் அழற்சி. தளர்த்தும் இன்ஹேலரை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது, அழற்சியைத் தணிக்கும் மருந்தும் வேண்டும் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019இல் தன் பரிந்துரையை மாற்றியதற்கு இதுவே காரணம்.

அட்ரினலின் வகை மருந்துகளை நல்லவை, கெட்டவை என்றோ, வீரியமானவை, மெலிந்தவை என்றோ பிரிப்பது பயனற்றது. எந்த நரம்பு, எந்தத் தசை, எந்த ஏற்பி, நுனியிலா மேலா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தபின்பே அளவைப் பற்றிப் பேச இடமுண்டு. மருத்துவர்கள் இக்கேள்விகளைக் கேட்கப் பயின்றவர்கள். ஆனால் நோயாளி தான் உண்பதை எல்லாம் சொன்னால்தான் அவர்களாலும் கேட்க முடியும். ஆகவே வட சிலாங்கூரின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேண்டுகோள். சிறுநீர் சிரமமோ இரத்த அழுத்தமோ உள்ள முதியவர் சளி மாத்திரை வாங்கும்போது அதை மருந்தாளரிடம் சொல்ல வேண்டும். கண்புரை அறுவைக்குப் போகிறவர் புரோஸ்டேட் மாத்திரையின் பெயரைக் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து வாங்கும்போது தன் ஆஸ்துமாவைச் சொல்ல வேண்டும். பீட்டா தடுப்பு மருந்து மூச்சுக்குழாயை இறுக்கிவிடக்கூடும். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவர் உண்ணக் கூடாது. வீட்டில் உள்ள மாத்திரைகளின் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, கிளினிக்குப் போகும்போதெல்லாம் கையோடு கொண்டுபோங்கள்.